பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு அயல்மொழி எதற்கு என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் பலர் உள்ளனர். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்றைச் சுமக்கும் பிள்ளையின் தலையில் நான்காவதையும் ஏற்றுவானேன் என்பது அவர்கள் வாதம். படிவம் மூன்றில் படிக்கும் என் மகள், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் மொழி நிலையத்தில் ஜப்பானிய மொழி கற்று வருகிறாள். அவள் கற்பதைப் பார்த்தபின், அந்த மூன்று மொழிகள்தாம் நான்காவதற்கான முதலீடு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆகவே, அந்த முதலீட்டை இந்த வகுப்பு எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன். குறைகளையும் எழுதுவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்துள்ளேன்.

தொடக்கம் நன்றாகவே இருக்கிறது. ஜப்பானிய எழுத்துமுறைகளில் ஒன்றான ஹிராகானாவின் 46 அடிப்படை எழுத்துகளையும் கட்டம் போட்ட நோட்டில், கோடுகளின் வரிசை பிசகாமல் கையால் எழுத வைக்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் தட்டிவிட்டுக் கற்றுவிட்டதாக நினைக்க இடமில்லை. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று நகரும் அந்த அட்டவணை, தமிழ் நெடுங்கணக்கு படித்த பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாது. பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானை அடைந்த இந்திய எழுத்து மரபே அவ்வரிசைக்கு அடிப்படை.

ஆசிரியர் ஒரு மலாய்க்காரர். ஜப்பான் போன்ற கிழக்கு நாடுகளிடமிருந்து கற்கும் நோக்கில் மலேசிய அரசு 1982இல் அறிவித்த கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் ஜப்பானுக்குச் சென்று பொறியியல் படித்துத் திரும்பியவர். இவ்வகுப்பின் பெரும்பலம் அவர்தான். ஜப்பானிய மொழியில் பொருள்களை எண்ணும்போது அவற்றின் வடிவத்துக்கு ஏற்ப எண்ணுடன் வேறுவேறு சொற்கள் சேரும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவரோ ஒரு பென்சிலை உயர்த்திப் பிடித்து, மலாயில் "செபாத்தாங்" என்றார். ஒரு தாளை எடுத்து, "செஹெலாய்" என்றார். அடுத்த கணமே ஜப்பானிய மொழியில் பென்சிலுக்கு "இப்பொன்", தாளுக்கு "இச்சிமாய்" என்று எழுதிப்போட்டார். நீளமானதற்கு ஒன்று, தட்டையானதற்கு ஒன்று என்ற முறையை மலாய்ப் பாடத்தில் முன்பே கற்ற பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெற்றோர் பார்வையாளராக அமர்ந்திருந்த வகுப்பில் இதை நான் நேரில் கண்டேன்.

ஆனால் இலக்கணம் என்று வந்ததும் நிலையம் தரும் ஆங்கிலக் குறிப்புத்தாள்கள் முன்னுக்கு வந்துவிடுகின்றன. வினை இறுதியில் வருவது, வேற்றுமையைக் காட்டும் சிறுசொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்பது ஆகிய எல்லாவற்றையும் ஆங்கிலத்திலிருந்து விலகிய விசித்திரங்களாகவே அத்தாள்கள் அடுக்குகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் விசித்திரமன்று. "எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் பள்ளிக்குப் போனேன்" என்று வினையெச்சங்களைக் கோக்கும் அதே முறையில் அங்கும் வாக்கியம் நீள்கிறது. "தபேதே மிரு" என்பது உறுப்புக்கு உறுப்பு நம் "சாப்பிட்டுப் பார்" தான். இதை வகுப்பில் எவரும் சொல்லவில்லை. விதிகளை மனப்பாடம் செய்து சலித்துப்போன என் மகள், வீட்டில் தமிழ்வழி யோசிக்கத் தொடங்கிய பிறகே வேகம் பிடித்தாள். பிரிக்பீல்ட்ஸில் வகுப்பு நடத்தி, அறையில் பாதிப்பேர் தமிழராக இருந்தும் இந்த வாய்ப்பை நழுவவிடுவது எனக்குப் புரியவில்லை.

மற்றொரு குறை, ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் மீதுள்ள மோகம். ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் அத்தேர்வின் தொடக்கநிலையான என்5இல் 180 புள்ளிகளுக்கு 80 பெற்றால், பகுதிவாரிக் குறைந்தபட்சப் புள்ளிகளும் இருக்கும் பட்சத்தில், தேர்ச்சி உண்டு. பேச்சுத் தேர்வோ எழுத்துத் தேர்வோ அதில் கிடையாது. விடைகளைத் தெரிவுசெய்தால் போதும். பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் தேர்விலோ நூறில் இருபத்தைந்து புள்ளி பேச்சுக்கே உரியது. தேர்வு கேட்காததை நிலையமும் கேட்பதில்லை என்பதால், இரண்டு மணி நேர வகுப்பில் பிள்ளைகள் வாய்திறந்து பேசுவது மிகக் குறைவு. பதின்மூன்று, பதினான்கு வயதில் கூச்சமின்றி உளறிப் பழகாவிட்டால் வேறெப்போது பழகுவது?

பதிவு செய்யும்போது முகப்பில் இருந்தவர், "எஸ்.பி.எம்.மில் தமிழை எடுக்காவிட்டால் இதற்கு நிறைய நேரம் கிடைக்கும், அக்கா" என்று ஆலோசனை வேறு சொன்னார். எஸ்.பி.எம். என்பது இடைநிலைப்பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. மேலே எழுதியதெல்லாம் உண்மையென்றால் அது எவ்வளவு தவறான கணக்கு என்பது விளங்கும். என் மகள் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் தேர்வில் எழுதத்தான் போகிறாள்.

மாதக் கட்டணம் 180 ரிங்கிட். குறிப்புத்தாள்களுக்குத் தனியாக வாங்குகிறார்கள். சனிக்கிழமைகளில் அப்பகுதியில் கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு என்பதால் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பதே நல்லது. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையாக இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சேருமுன் ஒரு வகுப்பில் இலவசமாக அமர்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள், ஆனால் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.