கேம்பிங் டிரெய்லருக்கு ஜெனரேட்டர்: ஏசி கிளம்புமா, அதைப் பாருங்கள்

ஜெனரேட்டர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 2200, 2500, 4500 எல்லாம் கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் வாட் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஹோண்டா இயூ2200ஐ தருவது 1800 வாட், யமஹா இஎஃப்2200ஐஎஸ்ஸும் அதே 1800, சாம்பியனின் 2500 வாட் மாடல் 1850. ஆக மூன்றும் ஒரே வகுப்பு: 120 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர்.

விளக்கு, ஃபேன், தண்ணீர் பம்ப், டிவிக்கெல்லாம் இதில் பாதிகூட வேண்டாம். தகராறு செய்வது கூரை ஏசிதான். 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது 12, 13 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கண நேரத்தில் நாலைந்து மடங்கு கேட்கும். ஜெனரேட்டர் ஒரு தரம் முக்கும், ஓவர்லோடு விளக்கு சிவப்பாக எரியும், அப்புறம் இன்ஜின் பாட்டுக்கு ஓடும், பிளக்கில் கரண்ட் இருக்காது.

இதற்கு மருந்து பெரிய ஜெனரேட்டர் அல்ல, கம்ப்ரசரை மெல்லக் கிளப்பி அந்த முதல் இழுப்பைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர். மைக்ரோ-ஏர் ஈஸிஸ்டார்ட் போன்றவை ஏசியின் கூரை மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், இணைக்க வேண்டியது நாலு வயர். முதல் சில ஸ்டார்ட்களில் அது கம்ப்ரசரின் போக்கைப் பழகிக்கொள்ளும். அதைக் கேம்ப்கிரவுண்ட் கரண்டிலேயே முடித்துவிடுங்கள். ஏசியைப் போடும்போது சுமை குறைந்தால் இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் ஈக்கோ சுவிட்சை ஜெனரேட்டரில் அணைத்து வைப்பதும் முக்கியம். குறைந்த வேகத்தில் இருக்கும் இன்ஜின் சுதாரிப்பதற்குள் சுமை வந்து விழுந்துவிடும்.

அப்படியும் மதியத்தில் டிரிப் ஆனால், முதலில் கன்வெர்ட்டரை, அதாவது 120 வோல்ட்டிலிருந்து டிரெய்லரின் பேட்டரியை ஏற்றும் கருவியை, சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுக்க இறங்கிப்போன பேட்டரியை ஏற்றும்போது 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் மட்டுமே 800, 900 வாட் தின்னும். அதன் பிரேக்கரை அணைத்துவிட்டு ஏசியைப் போடுங்கள். வாட்டர் ஹீட்டரும் ஃபிரிட்ஜும் கேஸில் இருக்கட்டும், மைக்ரோவேவ் ஓடும் சில நிமிடம் ஏசி நிற்கட்டும்.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். உயரம் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும். 1500 மீட்டரில் 1800 வாட் என்பது 1500க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், ஏசிக்கே இழுபறி. பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் சாம்பியனின் டூயல் ஃபியூல் மாடலில் புரொப்பேன் கேஸ் போட்டால் தரைமட்டத்திலேயே 1665தான். ஆனால் அதற்கொரு சௌகரியம் உண்டு. ஹோண்டாவின் 3.6 லிட்டர் டேங்க் முழுச் சுமையில் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும்; 9 கிலோ சிலிண்டர் இருந்தால் நடுராத்திரி எழுந்து பெட்ரோல் ஊற்ற வேண்டியதில்லை.

சத்தம் குறைவாக ஓடுவதில் ஹோண்டாவை மிஞ்ச இந்த மூன்றில் ஆளில்லை. யமஹாவுக்கு 30 ஆம்பியர் டிரெய்லர் சாக்கெட் உடம்பிலேயே இருப்பது நல்ல வசதி, எடை மட்டும் 25 கிலோ. ஹோண்டா 21, சாம்பியன் சுமார் 18.

4500 வகுப்பு வாங்கலாமா? வெஸ்டிங்ஹவுஸ் ஐஜென்4500 தொடர்ந்து 3700 வாட் தரும், பட்டனில் ஸ்டார்ட் ஆகும். எடை 44 கிலோ. டிரக்கின் பின்பக்கம் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இரண்டு ஹோண்டாவைப் பேரலல் கிட்டில் இணைத்தால் 3600 வாட், எடையும் கிட்டத்தட்ட அதே. ஆனால் ஒவ்வொன்றாகத் தூக்கலாம், ஏசி வேண்டாத நாளில் ஒன்றே போதும், ஒன்று படுத்தாலும் இன்னொன்று இருக்கும். காசு கூடத்தான் ஆகும். இருந்தாலும் எங்கள் ஓட்டு இதற்கே.

மாட்டியதும் டிரெய்லரின் சர்ஜ் புரொடெக்டர் (கரண்ட் கோளாறிலிருந்து காக்கும் கருவி) 'ஓப்பன் கிரவுண்ட்', அதாவது கிரவுண்ட் இணைப்பு இல்லை என்று கரண்டைத் தடுத்தால் ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். இவ்வகை ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரலும் கிரவுண்டும் உள்ளே இணைந்திருக்காது. இரண்டையும் இணைக்கும் பாண்டிங் பிளக் ஒன்றைக் காலியாக உள்ள சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும். வீட்டு வயரிங்கோடு சேர்க்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

சரிவான தரையில் வைத்தால் ஆயில் சென்சார் ஏமாந்து இன்ஜினை நிறுத்தும். ஹோண்டாவுக்கு ஆயில் 0.4 லிட்டர்தான், முதல் மாற்று 20 மணி நேரத்தில், பிறகு 100க்கு ஒருமுறை. வேகம் ஏறி இறங்கித் தள்ளாடினால் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைத்திருக்கிறது என்று பொருள். சீசன் முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, டேங்கையும் காலிசெய்து வையுங்கள்.