மாருதி 800 என்ஜின் வேலை: நான்கு கோடைக்குப் பிறகு எந்த பேக்கிங் தாங்கியது?

என் பழைய மாருதி 800-க்கு முழு என்ஜின் வேலை பார்த்து நான்கு கோடை ஓடிவிட்டது. கிலோமீட்டர் கணக்கில் நாற்பதாயிரம் வரும். தினமும் காட்பாடி – ராணிப்பேட்டை ஓட்டம், அவ்வப்போது திருவண்ணாமலை, எப்போதாவது ஏலகிரி. என்ஜின் பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் (கேஸ்கெட்) எதுவானாலும் மாட்டிய வாரத்தில் நன்றாகத்தான் இருக்கும். மே மாதத்தில் வேலூர் வெயிலில், கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விற்றவர் ஏற்கெனவே ஒருமுறை என்ஜின் வேலை செய்திருந்தார். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும், ஆனால் வெளியே ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த மாதிரி நுரை. என்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங்கின் குறுகிய பட்டை கருகி, அங்கே சிலிண்டர் துளையைச் சுற்றிய வளையத் தகடு பிளந்து கிடந்தது. தண்ணீர் துளைகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிவு. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கினால் ஆயில் வடிகட்டி வலையில் சிலிக்கான் பேஸ்ட் துணுக்குகள் ஒட்டியிருந்தன. முன்பு வேலை பார்த்தவர் பேக்கிங்கில் மிச்சம் பிடித்து, அதை ஈடுகட்ட பேஸ்ட்டை அள்ளி அப்பியிருக்கிறார். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அது வலையை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. அந்த என்ஜின் ஓடியதே பெரிய விஷயம்.

கடையில் ‘ஃபுல் செட்’ என்று ஒரே பெட்டியில் எல்லா பேக்கிங்கும் கிடைக்கும். வசதிதான், ஆனால் அதில் இருக்கும் எல்லாமே ஒரே தரமாக இருக்காது. அதனால் ஹெட் பேக்கிங்கை மட்டும் தனியாக கம்பெனி ஒரிஜினலாக வாங்கினேன். மற்றவற்றுக்கு டால்பிராஸ் கம்பெனி செட். ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் தெரியாத மலிவுப் பெட்டி ஒன்றையும் கடைக்காரரிடம் கேட்டு எடுத்துவந்தேன். இரண்டு ஹெட் பேக்கிங்கையும் ஒன்றன்பின் ஒன்றாக, எதுவும் தடவாமல் பிளாக் மேல் வைத்துப் பார்த்தோம். ஒரிஜினலில் ஒவ்வொரு துளையும் நேராக உட்கார்ந்தது. மலிவானதில் ஆயில் துளை ஒன்றின் ஓரத்தை பேக்கிங் கொஞ்சம் மறைத்தது. வளையத்தின் விளிம்பில் விரலை ஓட்டினால் பிசிறு தட்டியது. “இதைப் போட்டாலும் வண்டி ஓடும் சார், ஆனா எத்தனை நாளுன்னு என்னைக் கேக்காதீங்க” என்றார் மெக்கானிக் பாய். அந்தப் பெட்டி அன்று மாலையே கடைக்குத் திரும்பிப் போனது. வாங்கும்போது பெட்டியில் உள்ள ஹாலோகிராமை மட்டும் நம்பாமல், பழைய பேக்கிங்கையும் கையோடு கொண்டுபோய் துளைக்குத் துளை வைத்துப் பார்ப்பது நல்லது.

என்னதான் நல்ல பேக்கிங் போட்டாலும், அது உட்காரும் பரப்பு கோணலாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. அலுமினிய ஹெட் ஒருமுறை கொதித்தாலே வளையும். ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமான நேர்விளிம்புப் பட்டை) குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே போகிறது என்றால் லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்வதுதான் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) சரி. எங்களுடையது போனது, செய்தோம். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது எமரி பேப்பரோ கிரைண்டர் டிஸ்க்கோ கூடாது. அலுமினியத்தில் பள்ளம் விழும், அந்தத் தூள் பேரிங்கைத் தின்னும். கொஞ்சம் பொறுமையாகப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுத்தாலே வந்துவிடும்.

போல்ட் துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது அமுங்க இடமில்லாமல் பிளாக்கே விரிசல் விடலாம். காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகுதான் மாட்டினோம். முடுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் அல்ல, மூன்று தவணையாக. “கை அளவு எனக்குத் தெரியும் சார்” என்றார் பாய். முப்பது வருட அனுபவம், தெரியாமல் இருக்காது. இருந்தாலும் நான் முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வாடகைக்கு எடுத்துவந்துவிட்டேன். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரே அழுத்தம் விழ வேண்டும் என்பதற்குக் கை உத்தரவாதம் தராது.

அப்புறம் தண்ணீர். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் நெடுகிலும் இருக்கின்றன. போர் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் தண்ணீர் துளையின் விளிம்பில் அலுமினியம் அரித்து, பேக்கிங் பிடிமானம் இல்லாமல் போகிறது. என் ஹெட்டில் பார்த்த வெள்ளைப் படிவு அதுதான். இப்போது ரெடிமிக்ஸ் கூலன்ட் மட்டுமே, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றம். வழியில் அவசரம் என்றால் டிஸ்டில்டு வாட்டர் கேன் டிக்கியில் கிடக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஹெட் பேக்கிங் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நான்கு பேரோடு ஏசி போட்டு ஏறியபோதும் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டவில்லை. தண்ணீர் மட்டம் அப்படியே நிற்கிறது.

ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரில் கார்க் பேக்கிங் வேண்டாம் என்று ரப்பர் போட்டேன். கார்க் சூட்டில் காய்ந்து சுருங்கும், மறுபடி முடுக்கினால் நொறுங்கும். ரப்பர் மூன்று வருடம் சுத்தமாக இருந்தது. இப்போது டிஸ்ட்ரிப்யூட்டர் பக்க மூலையில் லேசான ஈரம். தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிட்டது. அது விலை குறைந்த பொருள், அரைமணி வேலை, குறையாக எண்ணவில்லை. சம்புக்கு மெல்லிய ஒரே கோடாக சிலிக்கான், காய நேரம் கொடுத்துப் போட்டது, கசிவே இல்லை. புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பேக்கிங்தான் ஏமாற்றியது. செட்டில் வந்ததையே போட்டோம். இரண்டாவது வருடம் காலையில் குளிர்ந்த என்ஜினில் ‘டிக் டிக்’ சத்தம் ஆரம்பித்து, சூடானதும் நின்றுவிடும். தகடு வைத்ததாக ஒன்று தனியாக வாங்கி மாற்றியதும் சத்தம் போனது.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலும் என்ஜின் இறக்கியபோதே மாற்றியதுதான். விலை சொற்பம், ஆனால் பிறகு மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், கூலி அதைவிடப் பல மடங்கு. பேக்கிங் செட் வாங்கும்போது இந்த சீல் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். ‘ஃபுல் செட்’ என்று எழுதிய எல்லாவற்றிலும் இருப்பதில்லை.