பேக்கிங் பிளேட் தேய்ந்துவிட்டது: சுத்தம் செய்வதா, ஒட்டுவதா, மாற்றுவதா?

கார் பெயின்ட்டை மெருகேற்றும் பாலிஷ் மெஷினில், பேட் எனும் தேய்க்கும் மெத்தையை வெல்க்ரோ கொக்கிகளால் பிடித்து வைக்கும் வட்டத் தட்டுதான் பேக்கிங் பிளேட். பாலிஷ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அல்லது சுவிட்சைப் போட்ட வேகத்தில் கழன்று எங்கோ போய் விழுகிறது. இந்த நிலைக்கு வந்த பிளேட்டை என்ன செய்யலாம் என்று கேட்டால் நான்கு பதில் வரும். கொக்கிகளைச் சுத்தம் செய்தால் போதும் என்பார் ஒருவர். புது வெல்க்ரோ வாங்கி மேலே ஒட்டச் சொல்வார் இன்னொருவர். நடுவில் இன்டர்ஃபேஸ் பேட் போட்டு ஓட்டலாம் என்பது மூன்றாவது. பிளேட்டையே மாற்று என்பது நான்காவது. என் கட்சி நான்காவதுதான். ஆனால் எதனால் தேய்ந்தது என்று பார்க்காமல் மாற்றினால், புதுப் பிளேட்டும் பழையதன் வழியிலேயே போகும்.

முதலில் தேய்மானத்தைப் பாருங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேடை எடுத்து, பிளேட்டின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல கொக்கிகள் ஒளியைச் சிதறடித்து மங்கலாகத் தெரியும். செத்த கொக்கிகள் இருக்கும் இடம் வழவழவென்று மின்னும். விரலால் தடவினால் சொரசொரப்பு இருக்காது. தலை உருகிச் சின்னச் சின்ன உருண்டையாகத் தட்டுப்படும்.

அந்த மினுமினுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நட்டநடுவில் இருந்தால் காரணம் சூடு. நைலான் உருக 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்றாலும், 50 டிகிரி வாக்கிலேயே அதன் விறைப்பு குறையத் தொடங்கிவிடும். விறைப்பு போன கொக்கி இழுவையில் நிமிர்ந்துவிடும். பிடி விட்ட இடத்தில் பேடின் துணியும் கொக்கியும் உரச, சூடு இன்னும் ஏறும். ஓரத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் மொட்டையாக இருந்தால், அது பேடைக் கழற்றும் கையின் வேலை: எப்போதும் ஒரே மூலையிலிருந்து உரிக்கிறீர்கள். வெல்க்ரோ படலமே யூரித்தேன் ஃபோமிலிருந்து மேலே கிளம்பியிருந்தால் உள்பசை விட்டுவிட்டது. பிளேட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் மெஷினின் ரப்பர் ஷ்ரவுட் (பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடி) அதில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

இன்னொரு சோதனையையும் விட்டுவிடாதீர்கள். இதே பிளேட்டில் புதுப் பேட் ஒன்றைப் போட்டுப் பக்கவாட்டில் இழுங்கள். கெட்டியாகப் பிடித்தால் தேய்ந்தது பிளேட் அல்ல, பழைய பேடின் பின்துணி. பலமுறை துவைத்த பேடில் அந்தத் துணியின் இழைகள் நைந்துபோய்க் கொக்கிக்குச் சிக்குவதே இல்லை. பாவம், பிளேட்டின் மேல் பழி விழுகிறது.

சுத்தம் செய்தல்

கொக்கிகளுக்கு நடுவே பஞ்சும் காய்ந்த காம்பவுண்டும் (பாலிஷ் களிம்பு) அடைத்திருந்தால் இது முழு வைத்தியம். மற்ற எதற்கும் இது மருந்தல்ல. விறைப்பான நைலான் பிரஷ், நெருக்கமான பல் கொண்ட சீப்பு, காற்றழுத்தக் குழாய், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், அது அழுக்கோடு கொக்கியையும் பிய்த்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேடை ஒட்ட வேண்டும்.

மேலே புது வெல்க்ரோ ஒட்டுதல்

நான்கில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி இதுதான். பின்பக்கம் பசையுள்ள கொக்கித் தாளை வட்டமாக வெட்டி ஒட்டினால், கையால் இழுத்துப் பார்க்கும்போது பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் அந்தப் பசை சூட்டில் இளகும் ரகம். பழைய கொக்கியைக் கொன்றது எந்தச் சூடோ, அதே சூட்டின் முன்னால் அதைவிடப் பலவீனமான பசையைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். நேராக மேலிருந்து இழுத்தால் தாங்கும் பசை, பக்கவாட்டு இழுவையில் மெல்ல மெல்ல வழுகும். பிளேட்டில் காற்றுத் துளைகள் இருந்தால் அவையும் அடைபடும். கத்தரி கொஞ்சம் கோணலாகப் போனால் எடை ஒரு பக்கம் சாயும்.

ரோட்டரியில், அதாவது பேடை ஒரே மையத்தில் சுழற்றும் மெஷினில், இதைச் செய்யவே கூடாது. 150 மி.மீ. பிளேட் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது அதன் ஓரம் மணிக்கு ஏறக்குறைய 56 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒட்டுத்தாள் கிளம்பினால் பேட் பறக்கும், அதே நொடியில் வெறும் பிளேட் பெயின்ட்டில் இறங்கும். பெயின்ட்டின் மேல் பூச்சான கிளியர்கோட்டின் தடிமன் பல கார்களில் 40, 50 மைக்ரான்தான். அதை இழந்த பேனலை பாலிஷ் காப்பாற்றாது, மறுபடி பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸ் பேட்

ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் துணி, நடுவில் மெத்தென்ற ஃபோம். புதுப் பிளேட் வாங்கிய நாளிலிருந்தே இதைப் போட்டுக் கழற்றாமல் வைத்திருந்தால், பிளேட்டின் கொக்கிக்கு வேலையே இல்லை, தேய்வது இன்டர்ஃபேஸ்தான். வளைந்த பம்பரிலும் கண்ணாடி உறைகளிலும் பேட் நன்றாகப் படியும். ஆனால் மெஷினின் ஆட்டத்தில் ஒரு பகுதியை இந்த மெத்தை விழுங்கிவிடும், ஆழமான கீறலை எடுக்க நேரம் கூடும். தேய்ந்த பிளேட்டில் போட்டாலோ, பேட் எப்படி வழுகியதோ அப்படியே இதுவும் வழுகும். தேய்வதற்கு முன் போட்டால்தான் பலன்.

மாற்றுதல்: கம்பெனி பிளேட்டா, வெளிப் பிளேட்டா?

உண்மையான போட்டி இங்கேதான். இதற்கான விடையை மெஷினின் ரகம் தீர்மானிக்கிறது.

நீள வீச்சு டூயல் ஆக்‌ஷன் மெஷின்களில், அதாவது பேட் சுழன்றபடியே ஓடும் சிறு வட்டத்தின் விட்டம் (ஆர்பிட்) 15 மி.மீ., 21 மி.மீ. உள்ளவற்றில், உள்ளே ஒரு எதிர் எடை இருக்கும். குறிப்பிட்ட எடையுள்ள பிளேட்டையும் பேடையும் கணக்கில் வைத்தே அதைச் சமன் செய்திருப்பார்கள். வேறு கம்பெனி செய்த வெளிப் பிளேட் வெறும் 10 கிராம் கூடுதல் என்று வையுங்கள். 21 மி.மீ. மெஷினில் அந்த 10 கிராம் 10.5 மி.மீ. ஆரத்தில் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்றில் அது தரும் இழுவை ஏறக்குறைய 18 நியூட்டன். கிட்டத்தட்ட இரண்டு கிலோ விசை, நொடிக்கு 66 தடவை திசை மாறி உங்கள் மணிக்கட்டையும் மெஷினின் பேரிங்கையும் உலுக்குகிறது. அதே 10 கிராம் 8 மி.மீ. ஆர்பிட் மெஷினில் 7 நியூட்டன்தான் தரும், கையில் பெரிதாகத் தெரியாது. ஆகவே நீள வீச்சு மெஷினுக்கு அந்த மாடலுக்கென்றே செய்த பிளேட்தான். 8 மி.மீ. மெஷினுக்கு நல்ல வெளிப் பிளேட் தாராளமாகப் போதும். காற்றுத் துளை உள்ளதாகவும் ஓரம் சற்று வளைந்து கொடுப்பதாகவும் தேடி எடுத்தால், கூட வந்த பிளேட்டைவிட அது நன்றாகவே இருக்கக்கூடும்.

ரோட்டரியில் பிளேட் மையத்திலேயே சுற்றுவதால் எடை அவ்வளவு பெரிய விஷயமல்ல. அங்கே பார்க்க வேண்டியது மரை, பிளேட்டின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சுற்று, ஆட்டமில்லாமல் நேராக ஓடுகிறதா என்பது. ரோட்டரிகளில் எம்14 மரையும் 5/8 அங்குல மரையும் புழக்கத்தில் உள்ளன. விட்டத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். டூயல் ஆக்‌ஷனில்தான் ஏமாற வாய்ப்பு. எம்8 மரையின் விட்டம் 8 மி.மீ., 5/16 அங்குல மரையின் விட்டம் 7.94 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் புரி இடைவெளி முன்னதில் 1.25 மி.மீ., பின்னதில் 1.06 மி.மீ. ஓரிரு சுற்று ஏறிவிட்டு இறுகி நிற்கும். அங்கே ஸ்பேனரால் பலம் கொடுத்தால் பிளேட் மாட்டும் தண்டான ஸ்பிண்டிலின் மரை போய்விடும். விரலால் கடைசிவரை ஏறாத பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு இரண்டு தரப்புக்கும் பொது: பேட் பிளேட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 125 மி.மீ. பிளேட்டுக்கு 140 அல்லது 150 மி.மீ. பேட் பொருந்தும்.

புதுப் பிளேட்டைப் போட்ட பிறகு

பிளேட்டின் பின்புற ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். டூயல் ஆக்‌ஷனில் அந்தக் கோடு மெதுவாகச் சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு நின்றுவிட்டால் பேட் சுழலவில்லை, ஒரே இடத்தில் அதிர்கிறது. அப்போது எல்லாச் சூடும் பேடுக்குள்தான் தங்கும். அழுத்தத்தைக் குறையுங்கள், பேடைத் தட்டையாகப் பிடியுங்கள். அப்படியும் நின்றால் ஷ்ரவுட் உரசுகிறதா பாருங்கள். ஸ்பிண்டிலில் மெல்லிய வாஷர் ஒன்று போட்டால் இடைவெளி கிடைக்கும். ஆனால் வாஷர் தடித்தால் மரை பிடிக்கும் நீளம் குறைந்துவிடும், அதில் கைவைக்கும்போது கவனம்.

சுடச்சுடப் பேடை உரிக்காதீர்கள். கொக்கி இளகியிருக்கும் நேரம் அது. ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்திலிருந்து உரியுங்கள். வேலை முடிந்ததும் ஈரப் பேடை மெஷினிலேயே விட்டுப் போகவும் கூடாது. முதல் பேனல் முடிந்து சற்று ஆறியதும் பேடை எடுத்து, பிளேட்டின் நடுவில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அடுத்த பேனலுக்குப் போகலாம். கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அடுத்த பேனலைத் தொடும் முன் வேகத்தை ஒரு படி இறக்கி, வேறொரு ஆறிய பேடை மாட்டிக்கொள்ளுங்கள்.