பழைய நெட்புக்கை ஸ்மார்ட் கண்ணாடியாக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த ஏசர் ஆஸ்பையர் ஒன் டி250 நெட்புக்கை (சிறிய மடிக்கணினி), நேரமும் வானிலையும் காட்டும் முகம் பார்க்கும் கண்ணாடியாக மாற்றலாம் என்று எண்ணி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். திரையைக் கழற்றிச் சட்டத்தில் பொருத்துவது, முன்புறம் முகத்தைக் காட்டி, பின்னாலிருக்கும் திரையின் வெளிச்சத்தையும் விடும் இருவழிக் கண்ணாடி வாங்குவது, மேஜிக்மிரர் என்னும் இலவச மென்பொருளை நிறுவுவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 6,500 ரூபாய் பேசி, 4,000 ரூபாய் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீது கேட்டதற்கு, வேலை முடிந்ததும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது. "சார், இது ரொம்பப் பழைய மெஷின், சாஃப்ட்வேர் ஏறாது. ராஸ்பெர்ரி பை ஒன்று வாங்கிப் போட்டுடலாம்" என்றார் கடைக்காரர். அது ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினி. மென்பொருள் ஏறாது என்றது உண்மைதான். இந்த நெட்புக்கில் இருப்பது பழைய 32 பிட் வகை மென்பொருளை மட்டுமே இயக்கக்கூடிய இன்டெல் ஆட்டம் என்270 செயலி. மேஜிக்மிரருக்கு அடித்தளமான நோட்.ஜேஎஸ் என்னும் மென்பொருள், 2018இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்தே இத்தகைய 32 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு அதிகாரபூர்வக் கோப்புகளை வெளியிடுவதில்லை. ஆனால் மாடல் எண்ணைப் பார்த்துத்தான் முன்பணம் வாங்கினார்கள். தெரியாமல் வாங்கினார்களா, தெரிந்தே வாங்கினார்களா என்பதை என்னால் சொல்ல இயலாது. அதைவிட என்னை உறுத்தியது, வேறு வழி இருப்பதை அவர்கள் சொல்லாமல் விட்டதுதான். மேஜிக்மிரரை வீட்டிலுள்ள இன்னொரு கணினியில் சர்வராக (பக்கத்தை வீட்டு நெட்வொர்க் வழியே அனுப்பும் கணினியாக) மட்டும் ஓட விட்டு, நெட்புக்கில் டெபியன் 12 என்னும் லினக்ஸின் 32 பிட் பதிப்பை நிறுவி, பயர்பாக்ஸ் உலாவியை முழுத்திரையில் திறந்து அந்தக் கணினியின் முகவரியைக் காட்டினால் போதும். இதைப் பிறகு நானே ஒரு மாலையில் செய்து முடித்தேன்.

புதுப் பலகை வேண்டாமென்று நெட்புக்கைத் திரும்ப வாங்கி வந்து இயக்கியபோது, 2 ஜிபியாக இருந்த ரேம் 1 ஜிபியாகக் குறைந்திருந்தது. கேட்டதற்கு, "மீதியை டிஸ்ப்ளே எடுத்துக்கும் சார்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அந்தக் காலத்து உள்ளமை கிராபிக்ஸ் சில்லு ரேமிலிருந்து சில நூறு எம்பிக்கு மேல் எடுக்காது. நான் அதில் 2 ஜிபி ரேம் போட்டுப் பயன்படுத்தியதற்குக் கொடுக்கும் முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று கைப்பேசியில் இருந்ததால், அதைக் காட்டி வாதாடி 1,500 ரூபாயைத் திரும்பப் பெற்றேன். ரேம் வரவில்லை.

கண்ணாடி விஷயம் இன்னும் மோசம். இருவழிக் கண்ணாடி என்று அவர்கள் கொடுத்தது, சாதாரண ஜன்னல் கண்ணாடியின் மேல் வெயில் தடுக்கும் பிலிமை ஒட்டியது. முன்னறை வெளிச்சத்தில் பளபளவென்று முகத்தைக் காட்டியதால் முதலில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. திரையைப் பின்னால் வைத்ததும்தான், பத்து அங்குலப் பேனலின் மங்கிய வெளிச்சம் அதை ஊடுருவாமல், வெள்ளை எழுத்துகள் சாம்பல் கீற்றாகத் தெரிந்தன. கடையிலேயே கைப்பேசித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து, அதில் கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்துகளைக் காட்டிப் பார்த்திருந்தால், அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

நெட்புக் திரையை நெடுவாக்கில் திருப்பி வைத்ததும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறங்கள் பிறழ்வதற்கு மட்டும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டிஎன் என்னும் மலிவான வகைத் திரையைத் திருப்பினால் அப்படித்தான் இருக்கும், அது என் அறியாமை. கொடுக்கும் முன் ரேம், வன்வட்டு ஆகியவற்றின் வரிசை எண்களைப் படமெடுக்காமல் விட்டதும் என் தவறே. சட்டம் இப்போது சுவரில் தொங்குகிறது, வானிலையும் வருகிறது. கண்ணாடியின் இடது மேல் மூலையில் அந்தப் பிலிம் உரிந்து சுருளத் தொடங்கியிருக்கிறது.