'டேட் ஃபில்டர் லைசென்ஸ்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: மண்டபம், பார்ட்டி ஹால் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன கல்யாண மண்டபம் இருக்கிறது. புக்கிங், கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். 2023 கடைசியில் மண்டபத்துக்கு வெப்சைட் போட்டோம். போட்டுக் கொடுத்தவர் பெரம்பூர் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறார். பெயரை எழுதப் போவதில்லை. அவர் கொடுக்கும் கோட்டேஷனைச் சொன்னாலே ஆளை அடையாளம் தெரிந்துவிடும்: டிசைனுக்கு 38,000, அதற்குக் கீழே 'டேட் ஃபில்டர் மாட்யூல் லைசென்ஸ், வருடத்துக்கு 9,500'. அதாவது தேதி வைத்துத் தேடும் வசதிக்கான துணை மென்பொருளுக்கு வருட வாடகை.

நாங்கள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. பார்ட்டிக்காரர்கள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைக்கு மண்டபம் காலியா, புக் ஆகிவிட்டதா என்று காட்ட வேண்டும். காலி என்றால் ஆன்லைனிலேயே அட்வான்ஸ் கட்டலாம். அவர் சைட் போட்டது வேர்ட்பிரஸ் என்ற, வெப்சைட் உருவாக்கும் மென்பொருளில். "சார், வேர்ட்பிரஸ்ல தேதி வெச்சு தேடுற வசதியே கிடையாது. ஃபாரின் கம்பெனி மாட்யூல் வாங்கணும், வருஷா வருஷம் ரின்யூ பண்ணணும்" என்றார். சரி, தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று கட்டினோம்.

முழுப் பொய். வேர்ட்பிரஸ் 2003இல் வந்த நாளிலிருந்து இலவச மென்பொருள். பதிவோடு கூடுதல் விவரம் சேர்த்து வைக்கும் கஸ்டம் ஃபீல்டில் தேதியைப் போட்டு, இந்தத் தேதிக்கு மேல், இந்தத் தேதிக்குள் என்று வடிகட்டும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. காலண்டர் போல நாளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வேண்டுமென்றால் அதற்கும் இலவச பிளகின்கள், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள், கிடைக்கின்றன. புரோகிராம் எழுதத் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பது நியாயம்தான். இல்லாத லைசென்ஸுக்கு வருட வாடகை எதற்கு?

முதல் மாதமே ஒரு கோளாறு. 15, 20, 26 என்று மாதத்தின் பிற்பகுதியில் போட்ட புக்கிங் எல்லாம் காலண்டரில் காணவில்லை. தேடிப் பார்த்தால் அத்தனையும் 1970 ஜனவரி 1ஆம் தேதியில் போய் உட்கார்ந்திருந்தன. அவரிடம் கேட்டதற்கு, "நீங்க தேதியை மாத்தி அடிக்கிறீங்க பிரதர்" என்று பழியை எங்கள் மேலேயே போட்டார். அப்புறம் 'சப்போர்ட் சார்ஜ்' என்று 3,000 வாங்கிக்கொண்டு சரிசெய்தார். அதன் பிறகு பிற்பகுதித் தேதிகள் ஒழுங்காகக் காட்டின. அந்த 'சரிசெய்தல்' என்ன லட்சணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி மாதம். கொருக்குப்பேட்டை பார்ட்டி ஒன்று ஆபீசுக்கே வந்து அட்வான்ஸ் கட்டி புக் செய்தது. ரசீது போட்டு சிஸ்டத்தில் ஏற்றிவிட்டோம். கொஞ்ச நாளில் எண்ணூரிலிருந்து இன்னொரு குடும்பம் அதே தேதியை சைட்டில் பார்த்திருக்கிறது. 'காலி' என்று காட்டவே, ஆன்லைனில் பணம் கட்டிவிட்டது. பாத்திரம், ரூம் கணக்கு பேச அவர்கள் நேரில் வந்தபோதுதான் விஷயம் வெடித்தது. ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு, புரூஃபைக் கையிலேயே எடுத்து வந்திருந்தார் பெண்ணின் அப்பா.

"இன்னா சார் இது? உங்க சைட்லயே காலின்னு போட்டிருக்குது, துட்டும் வாங்கிக்கினீங்க. இப்போ இல்லைன்னா சம்பந்தி வீட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சித்தப்பா அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். திருவொற்றியூரில் தெரிந்த மண்டபத்தில் இடம் பிடித்து, வாடகை வித்தியாசத்தையும் பத்திரிகைச் செலவையும் நாங்களே ஏற்றுக்கொண்டோம். அந்த மாத வருமானத்தில் பாதி அதிலேயே போயிற்று.

அன்று ராத்திரி சைட்டின் காலண்டரை மாதம் மாதமாகப் புரட்டினேன். ஆகஸ்ட் 9ஆம் தேதி 'புக்ட்' என்று சிவப்பில் இருந்தது. அது ஆடி வெள்ளி. ஊரே கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும் நாளில் எவர் வீட்டில் தாலி கட்டுகிறார்கள்? உள்ளே போனால் கொருக்குப்பேட்டை பார்ட்டியின் பெயர். நாங்கள் அடித்தது 08/09/2024. சைட் அதை அமெரிக்கக்காரர்கள் படிப்பதுபோல் முதலில் மாதம், பிறகு நாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

அக்கா பெண் சிறுசேரியில் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் தடங்கல், எங்களுக்குக் கொடுத்திருந்தது 'எடிட்டர்' லாகின். அதில் பதிவு போடலாம், திருத்தலாம். பிளகின், தீம் (சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஃபைல்கள்), செட்டிங்ஸ் எதுவும் கண்ணிலேயே படாது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' லாகின் அவர் கையில். போலீசுக்குப் போவேன் என்ற பிறகுதான் அதைக் கொடுத்தார். திறந்து பார்த்துவிட்டு அவள் சொன்னது: "மாமா, இதுல மாட்யூலும் இல்ல, லைசென்ஸும் இல்ல. தீம் ஃபைல்ல அவரே எழுதின சில வரிதான்."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். கஸ்டம் ஃபீல்டில் எதைப் போட்டாலும் வேர்ட்பிரஸ் அதை வெறும் எழுத்தாகத்தான் சேமிக்கும். அது தேதி என்று தானாகத் தெரியாது. அதனால் 20240908 என்றோ 2024-09-08 என்றோ, வருடம் முன்னால் வருகிற மாதிரி சேமிக்க வேண்டும். அப்போது எழுத்தாக ஒப்பிட்டாலும் வரிசை பிசகாது. இவர் நாம் அடித்த 08/09/2024ஐ அப்படியே பிஹெச்பியிடம் (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் கம்ப்யூட்டர் மொழி) கொடுத்துத் தேதியாக மாற்றச் சொல்லியிருக்கிறார். பிஹெச்பிக்கு ஒரு விதி: நடுவில் சாய்கோடு இருந்தால் முதல் எண் மாதம், சிறுகோடு இருந்தால் முதல் எண் நாள். 15/09 என்றால் பதினைந்தாவது மாதம் கிடையாதே, மாற்ற முடியாமல் பூஜ்யமாகிவிடும். கம்ப்யூட்டர் கணக்கில் பூஜ்யம் என்றால் 1970 ஜனவரி 1.

எனக்கு வயிறு எரிவது இதற்கு அடுத்த இடத்தில்தான். 3,000 வாங்கிக்கொண்டு அவர் செய்த 'ரிப்பேர்' இது: முதல் எண் 12க்கு மேல் இருந்தால் மட்டும் இரண்டையும் இடம் மாற்று. அதாவது 13 முதல் 31 வரை சரியாகிவிடும். 1 முதல் 12 வரை சத்தமே இல்லாமல் தப்பான மாதத்துக்குப் போகும். 9/9 போல நாளும் மாதமும் ஒன்றாக இருந்தால் மட்டும் தப்பிக்கும். அந்த வரியை எழுதத் தெரிந்தவருக்குச் சாய்கோடு விவகாரம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இன்னொன்றும் கிடந்தது. மண்டப வாடகை ஒரே நாளுக்கு அல்ல. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தோம். அவர் வைத்தது ஒரே ஒரு தேதி ஃபீல்டு. ஆரம்பம், முடிவு என்று இரண்டு வைத்து, பழைய புக்கிங் தொடங்கும் நேரம் புதியது முடிவதற்கு முன்பும், பழையது முடியும் நேரம் புதியது தொடங்கியதற்குப் பின்பும் இருந்தால் இடிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நேர மண்டலத்தையும் இந்தியாவுக்கு மாற்றாமல் யுடிசியிலேயே விட்டிருந்தார். யுடிசி என்பது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதனால் விடியற்காலை ஐந்தரை வரை சைட்டுக்கு 'இன்று' என்றால் நேற்றுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டொமைன் என் மெயில்லதான் இருக்கு, பாத்துப் பேசுங்க" என்றார். டொமைன் என்பது சைட்டின் முகவரி. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம் என்று இருந்தோம். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் பொதுவாக வராது, சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்று காட்டினால்தான் வாதாட முடியும் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

ஆகவே மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் நீங்களே உட்கார்ந்து 3/10, 10/3, 25/10 என்று மூன்று டம்மி புக்கிங் போட்டுப் பாருங்கள். மூன்றும் அதனதன் மாதத்தில் விழ வேண்டும். டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்) இரண்டும் உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் இருக்கட்டும். லாகினில் 'பிளகின்ஸ்' என்ற மெனு தெரிகிறதா என்று பாருங்கள்; தெரியவில்லை என்றால் சாவி உங்களிடம் இல்லை. லைசென்ஸ் என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பெனி, பில் எங்கே என்று கேளுங்கள்.

போன வாரம் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தின் சைட்டைப் பார்த்தேன். அதே டிசைன், அடியில் இவருடைய பெயர், அங்கேயும் ஆடியில் ஒரு கல்யாணம். மனசு கேட்காமல் மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அதை யார் சார் பாக்குறா, எங்களுக்கு எல்லாம் டைரிதான்" என்றார். லைசென்ஸ் கட்டுகிறீர்களா என்று கேட்டேன். "அது மட்டும் கரெக்டா ஜனவரில வந்து வாங்கிக்கினு போயிடுவாரு" என்றார்.