15 வருஷமா ஸ்பெஷல் நாடகம் பாத்த அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஒண்ணும் பெரிய நாடக ரசிகன் இல்ல. சென்னைல வேலை, ஊரு புதுக்கோட்டை பக்கம், திருவிழாவுக்குப் போனா கோயில் பொட்டல்ல போடுற நாடகத்த விடிய விடிய உக்காந்து பாப்பேன், லீவு கிடைக்காத வருஷம் அதுவும் இல்ல. அப்படி கணக்குப் போட்டா 15 வருஷத்துல ஒரு பத்துப் பன்னெண்டு நாடகம் தேறும். அதுல பாதிக்கு மேல வள்ளி திருமணம், மிச்சம் பவளக்கொடி, அரிச்சந்திரா.

ஒரே கதைய எப்படிடா திரும்பத் திரும்பப் பாக்குறேன்னு ஆபீஸ்ல கேப்பானுங்க. ஸ்பெஷல் நாடகம்னா ஒரே கம்பெனி ஆளுங்க கிடையாது. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், மதுரைல இருந்து வருவாரு, ஸ்திரீபார்ட்ங்கிற கதாநாயகி காரைக்குடி, பபூன்ங்கிற கோமாளி திண்டுக்கல், ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசி அட்வான்ஸ் குடுத்து கூட்டியாருவாங்க, ஒத்திகைங்கிற பேச்சே இல்ல, சில பேரு மேக்கப் போடுற எடத்துலதான் அன்னிக்கு முதல் தடவையா மூஞ்சியப் பாத்துக்குவாங்க. ஆனா சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுன பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். அவரு மறைஞ்சது 1922ல, இன்னும் அத வச்சுத்தான் ராத்திரி பூரா ஓட்டுறாங்க. அதனால கதை ஒண்ணுதான், ஆனா யாரு கூட யாரு ஜோடின்னு பொறுத்து நாடகமே வேற மாதிரி ஆயிரும். நோட்டீஸ் அடிச்சதும் எங்க மாமா போட்டோ எடுத்து அனுப்புவாரு, நான் முதல்ல பாக்குறது வள்ளி யாரு, ஆர்மோனியம் யாருன்னுதான்.

பத்து மணிக்கு ஆரம்பம்னு போட்டிருக்கும், பத்தரை பதினொண்ணு ஆகும். முதல்ல பபூன், அப்புறம் டான்ஸ்காரம்மா, ரெண்டு பேரும் சேந்து ஒரு காமெடி. சிரிப்புதான், ஆனா ரெட்டை அர்த்தம் ஜாஸ்தி, குழந்தைங்களோட போனா கொஞ்சம் நெளியணும். எங்க அயித்தை அதுவரைக்கும் வீட்டுல ஒரு தூக்கம் போட்டுட்டு, "நாரதர் வந்துட்டாராடா"ன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் பாயத் தூக்கிட்டு வரும்.

உண்மையான சரக்கு அதுக்கப்புறம்தான். தினைப்புனத்துல வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டுறது, நாரதர் கூட தர்க்கம், பெறகு முருகன் வேடனா வந்து வள்ளி கூட தர்க்கம். பாட்டுல கேள்வி பாட்டுல பதிலு. யாரு எத எடுத்து விடுவாங்கன்னு எதிராளிக்கும் தெரியாது. ஒரு வருஷம் வந்த வள்ளி சின்னப் பொண்ணு, வேடன் நல்லா அனுபவஸ்தர். மணி மூணு இருக்கும், அந்தப் பொண்ணு என்னமோ ஒரு விடுகதைய பாட்டாவே போட்டுச்சு, மனுசன் அப்படியே நின்னுட்டாரு. வேட்டிய இழுத்து விட்டுக்கிட்டாரு, மைக்க சரி பண்ணுனாரு, ஒண்ணும் வரல. ஆர்மோனியக்காரரு தலையே தூக்கல, பின்பாட்டு பாடுற மாதிரி அடுத்த பாட்டோட முதல் அடிய மெல்லமா இழுத்து விட்டாரு, வேடன் டக்குன்னு அதப் புடிச்சு ஏறிட்டாரு. ஊரே கைதட்டுச்சு, பாதிப் பேருக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது. அந்தப் பொண்ணு மட்டும் ஆர்மோனியத்தப் பாத்து ஒரு முறை முறைச்சுது பாருங்க!

கொறைனு சொன்னா முதல்ல அன்பளிப்பு. பாட்டு உச்சத்துல போயிட்டு இருக்கும், ஒருத்தர் மேடை ஏறி நோட்டக் குத்தி விட்டு பேரு, தெருப்பேரு, அப்பா பேரு எல்லாம் மைக்ல வாசிக்கச் சொல்லுவாரு. கலைஞர்களுக்கு அது வருமானம், வேணாம்னு சொல்ல முடியாது, அந்தப் பாட்டு முடியட்டும்னு நிக்கலாம்ல. அப்புறம் சவுண்டு. போன தடவை மைக்செட்டுக்காரன் எக்கோவ ஏத்தி வச்சுட்டு தூங்கிட்டான், அரிச்சந்திரன் சுடுகாட்டுல புலம்புறது கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்டுச்சு.

சென்னைல சபா நாடகமும் பாத்திருக்கேன், தி.நகர் வாணி மகால்ல ரெண்டு மூணு. ஏசி, ரெண்டு மணி நேரம், கேன்டீன்ல காபி, ஒன்பதரைக்கு பஸ் புடிச்சிரலாம். ஜோக்குக்கு ஜோக்கு சிரிச்சேன், ஆனா பாட்டு இல்லாம எனக்கு என்னமோ சோறு மட்டும் போட்டு கொழம்பு ஊத்தாத மாதிரியே இருந்துச்சு. அது என் பழக்க தோஷம்.

புதுசா போறவங்க ஒரு போர்வை எடுத்துட்டுப் போங்க, ரெண்டு மணிக்கு மேல பனி எறங்கும். டீயக் குடிச்சாவது தர்க்கம் முடியிற வரைக்கும் முழிச்சிருங்க. அப்புறம் நடு மேடைக்கு நேரா எடம் புடிக்காதீங்க, ஆர்மோனியமும் மிருதங்கமும் மேடையில ஒரு ஓரமா இருக்கும், அந்த ஆர்மோனியக்காரரு மூஞ்சி தெரியிற பக்கமா பாய விரிங்க.