தாகூரின் இரண்டு கதைகள்: எதை முதலில் படிப்பது?

மூடநம்பிக்கை பற்றிய தாகூரின் கதைகளில் ‘சம்பத்தி சமர்ப்பண்’ (சொத்தை ஒப்படைத்தல்), ‘ஜீபித ஓ ம்ருத’ (உயிரோடிருப்பவளும் செத்தவளும்) இரண்டுமே உலுக்குபவை. முதலில் எது என்று கேட்டால், நான் ‘சம்பத்தி சமர்ப்பண்’தான் என்பேன். கஞ்சக் கிழவர் யக்ஞநாதர், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவனைப் பாழடைந்த கோயிலின் நிலவறைக்குக் கூட்டிப்போகிறார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, கழுத்தில் மாலை போட்டு, புதையலைக் காக்கும் யட்சனாக்கி உள்ளேயே வைத்து மூடிவிடுகிறார். அவன் சொந்தப் பேரன் என்பது அப்புறம்தான் தெரிகிறது! அந்த மாலை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

1892இல் வந்த மற்றதில், சுடுகாட்டில் கண்விழிக்கும் விதவை காதம்பினி தன்னையே பேய் என்று நம்புகிறாள். செத்துப்போகவில்லை என்று காட்ட, கடைசியில் குளத்தில் விழுந்து சாகிறாள். இதைப் பொறுமையாக, மனசு தெளிந்த ஒரு நாளில் படியுங்கள்.